மயிலாடி தந்த மாமனிதர் மகாராசன் வேதமாணிக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், சுசீந்திரத்திற்குக் கிழக்கே, மலையும் வயலும் சூழ அமைந்த ஊர் மயிலாடி. இன்று கற்சிற்பிகளின் உளியோசையால் பெயர் பெற்றுள்ள அவ்வூர், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு காரணத்தால் தென்னகத்தின் கவனத்தை ஈர்த்தது. தாழ்த்தப்பட்ட குலமொன்றில் பிறந்த உழவர் ஒருவர், யாரும் அழைக்காமலும் யாரும் வற்புறுத்தாமலும், தாமே நெடுவழி நடந்து ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிவந்து, தம் மக்களிடையே ஒரு திருச்சபையையும் அதனருகே ஒரு கல்விச்சாலையையும் தோன்றச் செய்தார். அவரே மகாராசன் வேதமாணிக்கம். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இம்மலரில் அன்னாரின் வாழ்வை நம் இளைஞர் அறியத் தருவதில் நாம் மகிழ்கின்றோம்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகள் எழுந்த 1960-களிலிருந்து தென்மாவட்டங்களை விட்டு இங்குக் குடியேறிய குடும்பங்களுக்கு இப்பெயர் புதிதன்று. பூவிருந்தவல்லி, திருவள்ளூர்ப் பக்கத்துப் பழங்குடிகளான நம்மவர் பலர் இதனைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் இவ்வாழ்வு உரியதே என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வட்டாரத் தெருக்களில் பழைய ஆலயங்களும் புதிய செபவீடுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. தலையில் நீர் வார்ப்பதே போதுமா, முழுக முழுக்குவதே முறையா என்று இளைஞர் தம்முள் வாதிடுகின்றனர். ஞானஸ்நானம் பெற்றால் சாதிச் சான்றிதழ் என்னவாகும் என்று நம் மாலைநேர வகுப்புகளில் மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர். இவ்வினாக்களைப் புத்தகத்தில் ஆராய்வதைவிட, அவற்றைத் தம் உடம்பில் ஏற்று வாழ்ந்த ஒருவரின் வரலாற்றில் காண்பது நலம் என்று நாம் கருதுகின்றோம்.

மகாராசன் என்பது பெற்றோர் இட்ட பெயர். பொதுவழியில் தலைநிமிர்ந்து நடக்கவும் உரிமையற்ற குலத்தில் பிறந்த குழந்தைக்கு அப்பெயரைச் சூட்டிய தாய்தந்தையரின் நெஞ்சுரத்தை நாம் வியவாதிருக்க முடியவில்லை. குடும்பம் சாம்பவர் என்றும் பறையர் என்றும் வழங்கப்பெறும் குலத்தைச் சேர்ந்தது, உழவே தொழில். முன்னோர் சோழநாட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர் என்பது அவர்தம் குடும்ப மரபு. மயிலாடி அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டில் தாழ்ந்தவர் எனப்பட்டோர் உயர்ந்தவர் எனப்பட்டோரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று குலவாரியாக அளவு வகுத்திருந்தனர். ஆட்களை நிலத்தோடு விற்கவும் வாங்கவும் அடமானம் வைக்கவும் அடிமைமுறை இடந்தந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். கூலியின்றி உழைக்கும் ஊழியமும், ஆள்தோறும் தலைவரியும் எளியோரின் முதுகை முறித்தன. நம்மவர் நிழல் பட்டால் குளித்துத் தூய்மை பெறுவது மேற்குலத்தார் வழக்கம். அதாவது, நீர் என்பது நம்மவரின் தீண்டலைக் கழுவி அகற்றுவதற்கு உரியது என்பதே அந்நாளைய சமுதாயம் நீருக்குத் தந்திருந்த பொருள். பின்னர் நடந்ததன் சிறப்பை உணர இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

மகாராசன் பக்தி மிக்கவர். குலதெய்வ வழிபாட்டில் முன்னின்றவர். ஆயினும் அவருள்ளம் அமைதி காணவில்லை. பாவம் தீர்வது எவ்வாறு, மெய்ப்பொருளை அடைவது எங்கே என்ற ஏக்கம் அவரை வாட்டியது. இறுதியில் தம் மருமகன் சிவகுருநாதனை உடன் அழைத்துக்கொண்டு சிதம்பரத்திற்கு யாத்திரை புறப்பட்டார். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வழி. கால்நடையன்றி வேறு வழியில்லாத காலம். இது 1799-ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது என்பர்.

சாம்பவர் ஒருவர் தில்லைக்கு நடந்தார் என்றவுடன் நமக்கு நந்தனார் நினைவு வாராமற் போகாது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்து, நாளைப் போவேன் என்று ஏங்கி, தில்லையின் எல்லையை வலம்வந்து, தீயினுள் மூழ்கி வேறொரு வடிவோடு எழுந்து கோயிலுள் புகுந்தார் என்று பெரியபுராணம் அவர் வரலாற்றைப் பாடுகின்றது. நம் முன்னோர் அவர் அன்பை எண்ணி உருகினர். அவர் பிறந்த உடம்பு நெருப்பில் அழிந்த பின்னரே கதவு திறந்தது என்பதை எண்ணி உள்ளுக்குள் வெதும்பவும் செய்தனர். மகாராசன் நடந்ததும் அதே வழி. அவர் காலத்தில் அவர் குலத்தார்க்குக் கோயிற் கதவு திறக்கவில்லை. திருவிதாங்கூரில் அது திறந்தது 1936-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால். சென்னை மாகாணம் முழுமைக்கும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால்.

சிதம்பரத்தில் தாம் தேடிய அமைதி அவருக்குக் கிட்டவில்லை. அங்கு இரவு துயில்கையில் வெண்ணுடை தரித்த முதியவர் ஒருவர் கனவில் தோன்றி, கைக்கோலால் தொட்டு, ஊருக்குத் திரும்பும்படியும் வழியில் தெளிவு பிறக்கும் என்றும் உணர்த்தினார் என்று சபை மரபு கூறுகின்றது. கனவை நம்புவோர் நம்பட்டும். அவர் திரும்பினார் என்பதே நமக்கு முதன்மையான செய்தி.

திரும்பும் வழியில் தஞ்சையில் உறவினரிடம் தங்கினார். அவ்வுறவினர் கிறித்தவர். தஞ்சையில் நெடுங்காலம் பணியாற்றிய சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் மறைந்துவிட்டார். அவர் வளர்த்த கோலாப் ஐயர் சபையை நடத்தி வந்தார். இவர் தரங்கம்பாடி மிஷனெரி ஒருவரின் மகனாக இந்நாட்டிலேயே பிறந்து, தமிழைத் தாய்மொழிபோல் பேசியவர். ஆலயத்தில் அவர் ஆற்றிய போதனையைக் கேட்ட மகாராசனுக்குத் தம் நெஞ்சின் வினாக்களையே எவரோ முன்கூட்டி அவரிடம் சொல்லிவிட்டாற்போல் தோன்றியது. அங்கேயே தங்கி உபதேசம் கேட்டார். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைக் கற்பித்து, நடத்தையையும் நோக்கிய பின்னரே ஞானஸ்நானம் தருவது அக்கால மிஷன்களின் முறை. அவ்வாறே அவர் வேதமாணிக்கம் என்றும், மருமகன் மாசிலாமணி என்றும் பெயர் பெற்றனர்.

ஈண்டுச் சற்றே நின்று அச்சடங்கின் பொருளை எண்ணிப் பார்ப்போம். யோர்தான் ஆற்றங்கரையில் யோவான் மக்களை முதலில் அழைத்தது நீருக்கன்று, மனந்திரும்புதலுக்கு. தம் குலப்பெருமையைக் காட்டி வந்தவர்களை அவர் கடிந்தார். மனந்திரும்பியதற்கு ஏற்ற கனியைக் கேட்டார். இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பதும், வரி தண்டுவோர் மிகுதியாகப் பிடுங்கலாகாது என்பதும் அவர் சொன்ன கனிகள். கிரேக்க மூலத்தில் மனமாற்றம் எனப் பொருள்படும் சொல்லே வழங்குகின்றது. பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லோ, போன வழியை விட்டுத் திரும்பி வருதலைக் குறிக்கும். தமிழில் மனந்திரும்புதல் என்று சொல்லாக்கம் செய்தவர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே பிடித்துவிட்டனர் எனலாம். ஞானஸ்நானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அமிழ்த்துதல் என்பது பொருள். பழைய வாழ்வுக்கு மரித்துக் கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்பட்டுப் புதுவாழ்வுக்கு எழுதல் என்று பவுல் அப்போஸ்தலர் அதனை விளக்குகின்றார். முழுக்கு ஞானஸ்நானம் தரும் சபைகள் இப்பொருளை உடம்பாலேயே காட்ட விரும்புகின்றன. நீர் வார்க்கும் சபைகள் கழுவுதலையும் ஆவியின் பொழிவையும் முன்வைக்கின்றன. குழந்தைக்குத் தருவோர், கிருபை முந்திக்கொள்கிறது என்றும், பெற்றோரும் சபையாரும் ஈடு நிற்கின்றனர் என்றும் உரைப்பர். தஞ்சையில் வழங்கியது தலையில் நீர் வார்க்கும் முறை. நீரின் அளவைப் பற்றி வழக்காடுவோர் வழக்காடலாம். மனந்திரும்பாதவனை ஆறு நிறைந்த நீரும் மாற்றாது என்பதில் எச்சபையார்க்கும் கருத்து வேறுபாடில்லை.

வேதமாணிக்கத்தின் வாழ்வில் நமக்குத் தெரியும் புதுமை இதனினும் பெரிது. எந்த மக்களின் தீண்டலைக் கழுவ நீர் பயன்பட்டதோ, அந்த மக்களுள் ஒருவரின் தலையில், மற்றொருவர் கையால் தொட்டு, நீர் வார்க்கப்பட்டது. நந்தனார்க்கு நேர்ந்ததுபோல் பிறந்த உடம்பை அவர் அழிக்க வேண்டியிருக்கவில்லை. கழுவப்பட்டது பாவம், பிறப்பன்று. ஆகவே அவர் அதே உடம்போடு, அதே குலத்தாராய், அதே மயிலாடிக்குத் திரும்ப முடிந்தது. தஞ்சையிலேயே தங்கியிருந்தால் மிஷனின் நிழலில் இனிது வாழ்ந்திருக்கலாம். அவர் தமிழ் வேதநூலைக் கையிலெடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தார்.

இவ்வாறு திரும்பியவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். பஞ்சாபில் சியால்கோட்டுப் பகுதியில் சூரா என்னும் தீண்டாக் குலத்தைச் சேர்ந்த தித் என்பவர், கால் ஊனமுற்றவர், தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர், 1873-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவரை மிஷன் வளாகத்தில் இருத்திக்கொள்ள நினைத்த அமெரிக்க மிஷனெரி வியக்க, அவர் தம் ஊருக்கே போக வேண்டும் என்று பிடிவாதம் செய்து சென்று, பழிப்புகளைத் தாங்கி, தம் மனைவி மக்களையும் அயலாரையும் அழைத்து வந்தார். பின்னர் அப்பகுதியில் அக்குலத்தார் பல்லாயிரக்கணக்கில் கிறித்தவராயினர்.

தஞ்சைச் சபையைப் பற்றி ஒன்றை மறைத்தெழுத நமக்கு விருப்பமில்லை. அங்கும் வேளாளர்க்கு ஒரு பக்கம், பறையர்க்கு ஒரு பக்கம் என்று இருக்கை பிரிந்திருந்தது. ஒரே நீரில் ஞானஸ்நானம் பெற்றோர் வெவ்வேறு பாயில் அமர்ந்தனர். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, அதனை ஏலாத வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு விலகினர். ஞானஸ்நானம் பெறும் தாழ்த்தப்பட்டவனை நோக்கியே மனந்திரும்புதல் பற்றிப் பேசுவது நம் நாட்டுப் பிரசங்கிகளின் பழைய வழக்கம். அடித்தவனை விட்டு அடிபட்டவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொல்வது போன்றது அது. சாதிப்பெருமையை நீருக்கு வெளியே உலரவைத்துவிட்டு முழுகி எழுந்தவன் எதற்கு மரித்தான் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

மயிலாடியில் வேதமாணிக்கம் முதலில் தம் குடும்பத்தாருக்கும், பின்பு அயலாருக்கும் தாம் கண்டதை எடுத்துரைத்தார். சிறுகூட்டம் ஒன்று சேர்ந்தது. ஊராரின் பகையும் உடன் சேர்ந்தது. துன்பம் பொறுக்காது எல்லாரையும் அழைத்துக்கொண்டு தஞ்சைச் சீமைக்கே குடிபெயர்ந்துவிடலாமா என்றும் அவர் எண்ணியதுண்டு. அவ்வேளையில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ரிங்கல்தௌபே ஐயர் என்னும் ஜெர்மானியர் தரங்கம்பாடிக்கு வந்திருந்தார். வேதமாணிக்கம் அவரைக் கண்டு தம் ஊருக்கு வருமாறு வேண்டினார். அவரும் இசைந்து, 1806 ஏப்ரல் மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மயிலாடி சேர்ந்தார். தென் திருவிதாங்கூர்ச் சீர்திருத்தச் சபையின் வரலாற்றை அவ்வெள்ளையரின் வருகையிலிருந்து தொடங்குவோர் உளர். அழைத்தவர் இன்றி அழைப்புண்டவர் இல்லை என்பதை நம் மாணவர் குறித்துக்கொள்வார்களாக.

ரிங்கல்தௌபே விசித்திரமான துறவி. சம்பளத்தை ஏழைகளுக்கும் சபைகளுக்கும் செலவிட்டுவிட்டுக் குடிசையில் வாழ்ந்தவர். ஞானஸ்நானம் தருவதில் அவர் மிகக் கண்டிப்பானவர். தலைவரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பலாம், வழக்குகளில் துரையின் துணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பலர் வந்தனர். அவர்களில் மெய்யான மனமாற்றம் கண்டவர் சிலரே என்று அவர் தம் கடிதங்களில் சலித்துக்கொண்டார். நாம் அவரது கண்டிப்பை மதிக்கின்றோம். சலிப்பை அவ்வளவாக ஏற்பதற்கில்லை. முதுகில் சுமையோடு வருபவன் சுமையைப் பற்றித்தான் முதலில் பேசுவான். நம் பக்கத்திலும் இதே வினா பின்னாளில் எழுந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் சபைகளில் சேர்ந்தோரை அரிசிக் கிறித்தவர் என்று எள்ளினர். திருவள்ளூரையடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஐயர் பறையர் மக்களிடையே பணிபுரிந்தபோதும் அவ்வெள்ளல் ஓயவில்லை. அதே காலத்தில் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கை, அம்மக்களுக்கு நிலமும் மனைக்கட்டும் இல்லாத நிலையை அரசுக்கு எடுத்துக்காட்டியது. 1892-இன் அரசாணை வழியே பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. எகிப்தின் அடிமைகளும் சுமை தாங்காமல் கூக்குரலிட்டபோதே கேட்கப்பட்டனர் என்று வேதம் கூறுகின்றது. சுமை நீங்கும் ஆசையோடு வந்தவனிடமும் மனந்திரும்புதல் பிறக்கலாம். வேதமாணிக்கத்தின் வேலையே அதுதான்; வந்தவர்களின் நடுவே இருந்து, குடியையும் பூசலையும் விடச்செய்து, எழுத்தறிவித்து, நீருக்கு ஆயத்தப்படுத்தினார்.

வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி நடந்த 1808-1809-இல் கிறித்தவர்கள் ஆங்கிலேயரைச் சார்ந்தோராகக் கருதப்பட்டமையால் ஒளிந்து வாழ நேர்ந்தது. அமைதி திரும்பியபின், ரெசிடென்ட் மெக்காலேயின் முயற்சியால் அனுமதி கிட்ட, 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. ஆலயத்தோடு பள்ளியும் தோன்றியது. தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி, பிச்சைக்குடியிருப்பு முதலிய ஊர்களிலும் சபைகள் பரவின.

1816-இல் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே நாட்டை விட்டுப் புறப்பட்டார். சென்னையில் அவரைக் கண்டவர்கள், மேலங்கியும் இன்றி, நாட்டார் முடைந்த ஓலைத் தொப்பியோடு அவர் நின்ற கோலத்தை எழுதிவைத்துள்ளனர். கப்பலேறிய பின் அவர் எங்கு, எவ்வாறு மறைந்தார் என்பதை உலகம் அறியவில்லை. புறப்படுமுன் சபைகளின் பொறுப்பை அவர் வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்தார்.

இதனை நாம் அழுத்திக் கூறுகின்றோம். அடுத்த மிஷனெரியான மீட் ஐயர் 1818-இன் தொடக்கத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ இரண்டாண்டுக்காலம், அச்சபைகளை நடத்தியவர் ஒரு சாம்பவர். அச்சபைகளில் அவர் குலத்தாரினும் நாடார் மக்களே பெருந்தொகையினர். வழியில் விலகி நிற்க வேண்டியவர் எனப்பட்ட ஒருவர் ஆராதனையை முன்னின்று நடத்த, பிற குலத்தார் அமர்ந்து கேட்டனர். தஞ்சையில் இருக்கை பிரித்து உட்கார்ந்திருந்த அதே காலத்தில் மயிலாடியில் நிகழ்ந்தது இது. மனத்தாங்கல்களே எழவில்லை என்று நாம் சொல்லவில்லை. சபைகள் சிதறவில்லை, அது போதும்.

நம் மாணவரின் வினாவுக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களையன்றிப் பிறரைப் பட்டியல் சாதியினராகக் கொள்ளலாகாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். இதனை ஆராய 2022-இல் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சார்ந்த வழக்கொன்றில், ஞானஸ்நானம் பெற்றுக் கிறித்தவ ஒழுக்கத்தில் நிற்பவர் பட்டியல் சாதிச் சலுகை கோரலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீர் பட்டதும் பாவம் போகும் என்பது சபையின் நம்பிக்கை. நீர் பட்டதும் சாதிக் கொடுமையே போய்விடும் என்பது சட்டத்தின் நம்பிக்கை போலும்! சேரியில் தனிக் கல்லறையும் தனித் தெருவும் இருக்கும்வரை இவ்வாணையை நாம் நியாயமெனக் கொள்ளோம். சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாக வாழும் இளைஞனை ஏசவும் நாம் உடன்படோம். அவனை அந்நிலைக்குத் தள்ளியது அவனல்லன். ஆயினும் வேதமாணிக்கம் தம் புதுப்பெயரை மயிலாடி அறியச் சுமந்தார் என்பதையும், அதற்காக வரிச்சலுகை எதனையும் தஞ்சையிலிருந்து பெற்று வரவில்லை என்பதையும் வரலாறு காட்டுகின்றது.

மீட் ஐயர் வந்தபின் மிஷனின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறிற்று. மயிலாடியில் ஊன்றிய கல்விப்பணியும் அங்குச் சென்று வளர்ந்து, 1893-இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாயிற்று. அடுத்த தலைமுறை உபதேசிமாரும் ஆசிரியரும் வளர்வதைக் கண்டு, 1820-களின் பிற்பகுதியில் வேதமாணிக்கம் கண்மூடினார். அவர் கூட்டிய சபை இன்றும் மயிலாடியில் கூடுகின்றது. அவ்வாலயத்திற்கு ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம் என்று பெயர். அழைக்கப்பட்டு வந்தவரின் பெயரும் அழைத்து வந்தவரின் பெயரும் அங்கே சேர்ந்தே நிற்கின்றன.